செங்காந்தள் முளைக்கவில்லையா, மஞ்சளாகிறதா, பூக்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் காரணம் அறிதல்

செங்காந்தள் வளர்க்கும் யாராவது "கொடி மஞ்சளாகிறது, என்ன செய்வது?" என்று கேட்டால், நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: இப்போது எந்த மாதம்? ஆவணியில் மஞ்சளானால் ஏதோ கோளாறு இருக்கிறது. தை மாதத்தில் மஞ்சளானால் கொடி உறங்கப் போகிறது, அவ்வளவே. இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் மருந்து தெளித்தும் தண்ணீர் ஊற்றியும் நல்ல கிழங்குகளைச் சாகடித்தவர்கள் பலர். முதல் ஆண்டில் நானும் அப்படி நான்கு கிழங்குகளை இழந்தேன். கொடி காய்ந்ததும் பதறிப்போய் இரு வேளையும் தண்ணீர் ஊற்றினேன். பங்குனியில் தோண்டிப் பார்த்தபோது தொட்டிக்குள் நாற்றம் பிடித்த கூழ்தான் இருந்தது.

அதனால் அறிகுறிகளுக்குள் போகும் முன் இந்தச் செடியின் ஆண்டுக்கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வைகாசிக் கடைசியில் கிழங்கு கண் திறக்கும். ஆனி, ஆடி நடவுக்காலம். ஆவணியில் கொடி ஏறும். புரட்டாசி முதல் கார்த்திகை வரை பூக்கும். கார்த்திகைப் பூ என்ற பெயரே அதனால் வந்ததுதான். மார்கழி, தையில் காய் முற்றிக் கொடி காயும். மாசி முதல் வைகாசி வரை மண்ணுக்கு மேலே ஒன்றுமே இருக்காது. மழை முந்தினால் பிந்தினால் சில வாரங்கள் மாறலாம். வரிசை மாறாது.

தமிழ்நாட்டின் மாநில மலர் இது. இங்கேயே பிறந்த கொடி. வேலியோரப் புதரிலும் கடற்கரை மணலிலும் தானாக வளர்வது. அதற்காக வேலியிலிருந்து தோண்டிக்கொண்டு வராதீர்கள். கிழங்குக்காகத் தோண்டித் தோண்டியே பல இடங்களில் இது அருகிவிட்டது. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கங்களில் இதை விதைக்காகப் பயிரிடுகிறார்கள். விதையிலிருந்து எடுக்கப்படும் கோல்ச்சிசின் மருந்துத் தயாரிப்புக்குப் போகிறது. அங்கே "கண்வலிக்கிழங்கு" என்று கேட்டால்தான் புரியும். விதைக்கிழங்கு அவர்களிடம் வாங்குவதே முறை.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். அந்தக் கோல்ச்சிசின் கொடிய நஞ்சு. கிழங்கு, விதை, இலை, பூ எல்லாவற்றிலும் இருக்கிறது, வேகவைத்தாலும் போகாது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று நினைத்துத் தின்று உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். கிழங்கைக் கையாளும்போது கையுறை போடுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குழந்தையோ ஆடு மாடோ நாயோ எட்டும் இடத்தில் இது வேண்டாம். யாராவது சிறிதளவு தின்றுவிட்டாலும் வாந்தி வருகிறதா என்று காத்திருக்காமல், செடியின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அறிகுறி தெரிய சில மணி நேரம் ஆகும். அந்த இடைவெளியை வீணாக்கக் கூடாது.

நட்டு ஒரு மாதமாகியும் முளை வரவில்லை

அதிகம் பேர் கேட்பது இதுதான். பெரும்பாலும் காரணம் கிழங்கின் நுனியில் இருக்கிறது.

செங்காந்தள் கிழங்கு கலப்பையைப் போல இரண்டு கைகளாகப் பிரிந்திருக்கும். கலப்பைக் கிழங்கு என்று பெயர் வந்தது அதனால்தான். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு கண் உண்டு. உருளைக்கிழங்கைப் போல உடம்பெல்லாம் கண் இருக்காது. அந்த நுனி ஒடிந்தாலோ நசுங்கினாலோ காய்ந்தாலோ அந்தக் கை அந்த ஆண்டு முளைக்காது. பார்சலில் வரும் கிழங்குகள் ஒன்றோடொன்று உரசி நுனி போய்விடுவது சாதாரணமாக நடக்கிறது. வாங்கியவுடன் நுனிகளைப் பாருங்கள். மொட்டையாக, தழும்பு தெரிந்தால் அது முளைக்கும் என்று நம்பி நட வேண்டாம். பெரிய கிழங்கை இரண்டாக்க விரும்பினால் கைகள் சேரும் முழங்கையில் பிரிக்கலாம், வேறு எங்கும் வெட்டக் கூடாது. பிரித்த காயத்தில் மரச்சாம்பலைத் தடவி, நிழலில் இரண்டு நாள் உலரவைத்து நடுங்கள்.

நுனி நன்றாக இருந்தும் முளைக்கவில்லை என்றால் தோண்டித்தான் பார்க்க வேண்டும். கரண்டியோ மண்வெட்டியோ வேண்டாம். கையுறை போட்ட விரலால் ஓரத்திலிருந்து மண்ணை மெல்ல விலக்குங்கள். கிழங்கை லேசாக அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்து நுனி வெளிறிய நிறத்தில் இருந்தால் அது இன்னும் விழிக்கவில்லை. மண்ணை மூடிவிட்டு விட்டுவிடுங்கள். குளிர்ந்த நிழலில் இருக்கும் தொட்டியைச் சற்று வெயிலுக்கு நகர்த்தினால் போதும். அழுத்தும்போது நீர் கசிந்தால், அல்லது தோல் மட்டும் இருந்து உள்ளே மாவாகியிருந்தால், அழுகிவிட்டது. தொட்டி மண்ணோடு சேர்த்து அகற்றுங்கள்.

மாசியிலோ பங்குனியிலோ நட்டவர்களுக்கு அழுகல் அதிகம் வருவதைப் பார்த்திருக்கிறேன். உறங்கும் கிழங்குக்கு நீரை உறிஞ்ச வேலை இல்லை. ஊற்றும் தண்ணீரெல்லாம் அதைச் சுற்றியே நிற்கும். முளை மண்ணுக்கு மேல் தெரியும்வரை மண் வெறும் ஈரப்பதமாக இருந்தால் போதும்.

ஆழமும் முக்கியம். தொட்டியில் கிழங்கைப் படுக்கைவசமாக வைத்து, மேலே 5 முதல் 7 சென்டிமீட்டர் மண் போடுங்கள். கண் கீழ்நோக்கி இருக்கக் கூடாது. களிமண் ஆழமாக அழுத்தினால் முளை வழி தேடி வளைந்து வளைந்து களைத்துப்போகும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு என்ற கலவை எனக்கு ஒத்துவந்திருக்கிறது. தேங்காய் நார்க்கழிவை அதிகம் சேர்க்காதீர்கள். அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், மழைக்காலத்தில் அதுவே பகை.

முளை வந்தது, பிறகு ஒடிந்துவிட்டது

செங்காந்தள் முளை தடித்த பச்சை ஈட்டி மாதிரி ஒரே தண்டாக வரும். பார்க்க உறுதியாகத் தெரிந்தாலும் கண்ணாடிக் குழாயைப் போலச் சட்டென்று ஒடியும். மண்மட்டத்தில் ஒடிந்தால் பெரும்பாலும் அந்த ஆண்டுக் கொடி அவ்வளவுதான். தண்ணீரை நிறுத்திவிட்டுக் கிழங்கை அடுத்த ஆண்டுக்குக் காப்பாற்றப் பாருங்கள். இலைகள் விட்டபிறகு மேல்நுனி மட்டும் போனால் கணுவிலிருந்து கிளை வர வாய்ப்பு உண்டு, பொறுத்திருங்கள்.

காலையில் பார்க்கும்போது முளை கடிபட்டு, பக்கத்தில் வெள்ளிக்கோடு போலப் பளபளப்பான தடம் தெரிந்தால் நத்தை வேலை. இரவில் டார்ச் விளக்கோடு போய்ப் பொறுக்குவதைவிட நல்ல வைத்தியம் இல்லை. கொம்பை முளை வந்தபிறகு குத்துவதும் தவறு, கிழங்கையே துளைத்துவிடும். நடும் அன்றே கொம்பை ஊன்றிவிட்டுப் பிறகு கிழங்கை வையுங்கள்.

கொடி ஏறாமல் சாய்ந்து கிடக்கிறது

பாகல், புடலைக்குத் தனியாகப் பற்றுக்கம்பி உண்டு. செங்காந்தளுக்கு இலையின் நுனியே நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாகிறது. அந்தச் சின்னச் சுருளால் மூங்கில் கழியையோ சுவரையோ பிடிக்க முடியாது. பென்சிலைவிட மெல்லியதாக ஏதாவது வேண்டும். காய்ந்த சுள்ளி, மெல்லிய கம்பி, சணல் கயிறு, மீன்வலைத் துண்டு, எது கிடைத்தாலும் சரி. வயல்காரர்கள் முள்கிளுவைப் போத்தையும் விராலிக் குச்சியையும் ஊன்றி விடுகிறார்கள். அவற்றில் சிறு கிளைகள் நிறைய இருப்பதால் இலைநுனி எங்கே நீண்டாலும் ஏதாவது ஒன்று அகப்படும். நான் மாதுளை கவாத்துச் செய்த சுள்ளிகளை அப்படியே ஊன்றிவிடுகிறேன். சாய்ந்த கொடியைத் தூக்கி நிமிர்த்திக் கட்ட முயலாதீர்கள். சுள்ளியை அதன் அருகே கொண்டுபோய் வையுங்கள், மூன்று நாளில் தானே பிடித்துக்கொள்ளும்.

கொடி செழிப்பு, பூ இல்லை

முதலில் கிழங்கின் எடையை நினைத்துப் பாருங்கள். நடவுக்கு 50 முதல் 60 கிராமுக்குக் குறையாத கிழங்கைத்தான் விவசாயிகள் தேர்ந்தெடுக்கிறார்கள். சுண்டுவிரல் அளவுக் கிழங்கு இலை விட்டு, தன்னைப் பெருக்கிக்கொண்டு உறங்கிவிடும். அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம், அடுத்த ஆண்டுக்கான சேமிப்பு அது. விதை போட்டு வளர்த்த செடிக்குப் பூக்க மூன்று நான்கு ஆண்டுகள்கூட ஆகும்.

கிழங்கு பெரியது, இருந்தும் பூ இல்லை என்றால் வெயில் போதவில்லை. காட்டில் இது வளரும் விதத்தைப் பாருங்கள்: வேர் புதரின் நிழலில், தலை புதருக்கு மேல் வெயிலில். வீட்டிலும் அதே ஏற்பாடுதான் தேவை. தொட்டியை மற்றத் தொட்டிகளுக்கு நடுவே வைத்துக் கொடி மட்டும் மேலே போக விடுங்கள். நாளில் ஐந்தாறு மணி நேர வெயில் மேல்பகுதிக்குக் கிடைக்க வேண்டும். யூரியாவையோ புதுச் சாணத்தையோ போட்டிருந்தால் நிறுத்துங்கள். இலையாக வளர்ந்துகொண்டே போகும், மொட்டு வராது. கைப்பிடி மண்புழு உரமும் ஒரு தேக்கரண்டி சாம்பலும் மாதம் ஒருமுறை போதும்.

இலை மஞ்சளாகிறது

மார்கழிக்குப் பிறகு என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம், கடைசிப் பகுதிக்குப் போய்ப் படியுங்கள்.

ஆவணி, புரட்டாசியில் அடி இலைகள் மஞ்சளாகித் தண்டும் தளர்ந்தால் வேரில் தண்ணீர் நிற்கிறது. தொட்டியின் ஓட்டை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்; அடித்தட்டில் தேங்கும் நீரைக் கொட்டுங்கள். சென்னையிலும் கடலோர மாவட்டங்களிலும் வடகிழக்குப் பருவமழை அடித்துப் பெய்யும்போது கிழங்கு பருத்துக்கொண்டிருக்கிறது. அழுகல் வருவதற்கு மிக வசதியான நேரம். நிலத்தில் நடுவதானால் ஓரடி உயர மேடு எழுப்பி நடுங்கள். தொட்டியானால் இரண்டு செங்கல்மேல் தூக்கி வையுங்கள். அடைமழை நாட்களில் கூரையோரத்துக்கு நகர்த்துவதற்குச் சோம்பல் படாதீர்கள்.

புது இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் கதை வேறு. அது இரும்புச்சத்துக் குறை. ஆழ்துளைக் கிணற்று உப்புநீரை ஊற்றுகிற வீடுகளில் மண் காரமாகி, இருக்கிற இரும்பையும் செடியால் எடுக்க முடியாமல் போகிறது. ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி உப்பும் சில துளி எலுமிச்சைச் சாறும் கலந்து மாலையில் இலைமேல் தெளித்தால் புது இலைகள் தேறிவரும். மழைநீரைப் பிடித்து ஊற்ற முடிந்தால் அதுதான் நிலையான தீர்வு.

ஒரே இரவில் இலைகள் காணாமல் போயின

கறுப்பு உடலில் வெள்ளைப் புள்ளிகளும் செம்மஞ்சள் புள்ளிகளுமாக, நகை செய்து போட்டதுபோல அழகான ஒரு புழு வரும். அல்லிப்புழு என்று இதைச் சொல்லலாம். பொலிடெலா குளோரியோசே என்ற இதன் அறிவியல் பெயரே இந்தக் கொடியின் பெயரால் அமைந்தது. செங்காந்தளின் நஞ்சு இதை ஒன்றும் செய்வதில்லை. கூட்டமாகப் பொரித்து, முதலில் இலையின் பசுமையைச் சுரண்டி, வளர்ந்ததும் இலை, மொட்டு, தண்டின் தோல் என்று எதையும் விடாது. மூன்று நாளில் ஒரு கொடியை மொட்டையாக்கிவிடும்.

மழை தொடங்கியதும் தினமும் காலையில் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது ஒன்றே உறுதியான காவல். முட்டைக் குவியலும் குட்டிப் புழுக்களும் இருக்கும் இலையை அப்படியே கிள்ளிச் சோப்பு நீரில் போடுங்கள். வீட்டில் நான்கைந்து கொடிக்குக் கையால் பொறுக்குவதே போதும். அதிகமாகிவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து, மாலையில், வாரம் ஒருமுறை தெளியுங்கள். வளர்ந்த புழுவுக்கு வேப்பெண்ணெய் மெதுவாகத்தான் வேலை செய்யும், அதனால் பொறுக்குவதை நிறுத்தக் கூடாது. இது மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகிறது. கொடி காய்ந்தபிறகு மேல்மண்ணைக் கிளறி வெயில் காட்டினால் அடுத்த ஆண்டு தொல்லை குறையும்.

இலை நுனியும் மொட்டும் சுருங்கி, வெள்ளிக் கீறல்கள் தெரிந்தால் இலைப்பேன். அதற்கும் அதே வேப்பெண்ணெய்தான்.

இலையில் பழுப்புப் புள்ளிகள், கருகல்

தொடர்மழையில் வரும் பூஞ்சைக் கருகல் இது. பாதித்த இலைகளைக் கிள்ளி எரித்துவிடுங்கள், உரக்குழியில் போட வேண்டாம். தண்ணீரை அடியில் மட்டும் ஊற்றுங்கள். பரவிக்கொண்டே போனால் லிட்டருக்கு 2 கிராம் மேன்கோசெப் கலந்து ஒருமுறை தெளிக்கலாம்.

நன்றாக இருந்த கொடி இரண்டே நாளில் வாடித் தொங்குகிறது

எல்லாவற்றிலும் நான் அஞ்சுவது இதற்குத்தான். மேலே எந்தக் குறையும் தெரியாது. திடீரென்று கொடி முழுவதும் துவளும். தண்ணீர் போதவில்லை என்று எண்ணி ஊற்றினால் இன்னும் வேகமாகப் போகும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தை விலக்கிப் பாருங்கள். வெள்ளை நூல் படர்ந்து, அதன்மேல் கடுகு போன்ற பழுப்பு உருண்டைகள் இருந்தால் ஸ்கிளிரோசியம் என்ற பூஞ்சையின் கிழங்கழுகல். அந்தக் கடுகு உருண்டைகள்தான் நோயின் விதை. மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும்.

வாடிய கொடியைக் காப்பாற்ற முடியாது. கிழங்கோடும் சுற்றியுள்ள ஒரு சாண் மண்ணோடும் எடுத்து அப்புறப்படுத்துங்கள். பக்கத்துக் கொடிகளின் அடியில் லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கரைத்து ஊற்றுங்கள். அந்தத் தொட்டியில் மறுபடி செங்காந்தள் வேண்டாம். அடுத்த ஆண்டு நடவுக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே தொழு உரத்தில் வேப்பம் புண்ணாக்கும் டிரைக்கோடெர்மாவும் கலந்து லேசாக ஈரப்படுத்தி நிழலில் வைத்து, பிறகு மண்ணில் சேருங்கள். டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சைதான். அதோடு காப்பர் மருந்தை ஒன்றாக ஊற்றினால் நம் காவலாளியையே நாம் கொன்றதாகிவிடும். இரண்டுக்கும் நடுவே இரண்டு வாரமாவது விடுங்கள்.

பூவின் நிறம் மாறிக்கொண்டே போகிறது

இது நோய் இல்லை, இதன் அழகே இதுதான். மொட்டு பச்சையாக விரியும். ஓரம் அலைபோல நெளிந்த ஆறு இதழ்களும் பின்னோக்கி வளைந்து அடி மஞ்சளும் நுனி சிவப்புமாகும். சில நாளில் முழுவதும் செந்தழலாகிவிடும். சங்கப் புலவர்கள் பெண்களின் விரலுக்கு இதை உவமை சொன்னது ஏன் என்பது, ஒரே கொடியில் மூன்று நிறத்திலும் பூ நிற்கும் ஒரு ஐப்பசிக் காலையில் பார்த்தால் விளங்கும்.

பூத்தது, காய் பிடிக்கவில்லை

பூவைப் பக்கவாட்டில் பாருங்கள். சூல்தண்டு அடியிலேயே மடங்கி, மகரந்தப் பைகளை விட்டு விலகி நீண்டிருக்கும். தன் மகரந்தம் தன்மேல் எளிதில் விழாத அமைப்பு. தேன்சிட்டும் வண்ணத்துப்பூச்சியும் வராத மாடியில் காய் பிடிக்காததில் வியப்பில்லை. விதை வேண்டுமென்றால் காலை 8 மணிக்கும் 11 மணிக்கும் இடையே ஒரு பூவின் மகரந்தத்தைத் தூரிகையால் எடுத்து வேறு கொடியின் பூவில், சூல்முடியில் தடவுங்கள். வயல்களில் இதை ஆள் வைத்தே செய்கிறார்கள். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் காய் வேண்டவே வேண்டாம். வெடித்த காய்க்குள் வரிசையாக இருக்கும் சிவந்த விதைகள் மிட்டாய் போலத் தெரியும். பிஞ்சிலேயே கிள்ளிவிடுங்கள்.

கொடி முழுவதும் காய்ந்துவிட்டது

மார்கழியிலிருந்து தண்ணீரைக் குறையுங்கள். கொடி பாதி மஞ்சளானதும் அறவே நிறுத்துங்கள். பச்சையாக இருக்கும்போதே அறுத்து அழகுபடுத்த வேண்டாம். கொடியில் மிச்சம் இருக்கும் சத்தெல்லாம் அப்போதுதான் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. தண்டு வைக்கோலாகி, இழுத்தால் தானே கழன்று வரும்போது எடுங்கள்.

தோண்டினால் நீங்கள் நட்ட கிழங்கு சுருங்கிப்போன சக்கையாக இருக்கும். பயந்துவிடாதீர்கள். பழைய கிழங்கு ஒவ்வொரு ஆண்டும் தன்னைத் தீர்த்துக்கொண்டு, பக்கத்திலேயே புதிய கலப்பை ஒன்றை உருவாக்கிவிட்டுத்தான் போகும். அது ஆழத்தில், எதிர்பாராத பக்கம் நீண்டிருக்கலாம். நுனியைப் பற்றி இழுக்காமல் தொட்டியையே கவிழ்த்து மண்ணை உதிர்ப்பது நல்லது.

மழையில் நனையாத இடத்தில் தொட்டி இருந்தால் தோண்டாமல் அப்படியே விட்டும் வைக்கலாம். தொட்டிமேல் "உள்ளே கிழங்கு உள்ளது, தண்ணீர் ஊற்றாதீர்" என்று எழுதிவையுங்கள். வெறும் மண்தானே என்று வீட்டார் அன்போடு ஊற்றும் ஒரு குவளைத் தண்ணீர் போதும், எல்லாம் போய்விடும். எடுத்து வைப்பதானால் மண்ணைக் கழுவாமல் துடைத்து, காய்ந்த மணலில் ஒன்றையொன்று தொடாமல் படுக்கவைத்து, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். சமையலறையிலோ சேனை, வள்ளிக்கிழங்கு வைக்கும் இடத்திலோ ஒருபோதும் வேண்டாம். பெட்டிமேல் "நஞ்சு" என்று பெரிய எழுத்தில் எழுதி உயரத்தில் வையுங்கள்.

வைகாசிக் கடைசியில் மணலை மெல்ல விலக்கி நுனிகளைப் பாருங்கள். அரிசி அளவில் வெளிறிய கூர் ஒன்று தள்ளிக்கொண்டு வந்திருந்தால் மண் கலக்கத் தொடங்கலாம். வரவில்லை என்றால் மணலை மூடிவிட்டு இன்னொரு வாரம் பொறுங்கள்.